கொக்கியின் முன்பல்

பலமாக ஊதினால் வந்தது. மெதுவாக ஊதினால் வரவில்லை.

கொக்கியை வாட்டிய சிக்கல் இவ்வளவுதான். வெளியில் சொல்லக்கூட வெட்கமாக இருக்கும். "அப்ப பலமாவே ஊதித் தொலைய வேண்டியதுதானேடி?" என்று அவளுடைய அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் குழல் எப்படி வேலை செய்கிறது என்பதில் தொடங்க வேண்டும். அதைக் கேட்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. நமக்கு இருக்கிறது.

மற்ற ஊதுகருவிகளில் உதட்டுக்குத் துணையாக ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு சீவாளி, இல்லையென்றால் உதட்டைப் பதித்துக்கொள்ள ஒரு கிண்ணம். குழலில் எதுவும் கிடையாது. ஒரு துளை, அந்தத் துளைக்கு ஒரு விளிம்பு, அவ்வளவுதான். உதடுகளுக்கு நடுவே ஒரு சின்ன வழி விட்டு, மூச்சைக் கீற்றாக வெளியே அனுப்பி, அந்த விளிம்பில் மோதவிட வேண்டும். கீற்று விளிம்பில் பட்டு உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என்று மாறி மாறிச் சாயும்போது குழலுக்குள் இருக்கும் காற்று அதிர்கிறது. அதுதான் நமக்குக் கேட்கும் ஓசை. கீற்றை மெல்லியதாக்கி வேகப்படுத்தினால், விரலை மாற்றாமலே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே தாவும். உச்சிக்குப் போகப் போக உதட்டு வழி சின்னதாக வேண்டும். உச்சிக்கும் போக வேண்டும், சத்தமும் கூடாது என்றால் அந்த வழி ஊசிக் காது அளவுக்கு இறுக வேண்டும். மூச்சு கொஞ்சம்தான், வேகமோ நிறைய. பலமாக ஊதுகிறவருக்கு வழி கொஞ்சம் கோணினாலும் மூச்சின் பலம் காப்பாற்றிவிடும். மெதுவாக ஊதுகிறவரைக் காப்பாற்ற யாரும் இல்லை.

கொக்கி நகர இசைக்குழுவில் முதல் குழல். அந்த ஆண்டின் முதல் கச்சேரிக்கு எடுத்திருந்த இசை, அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒற்றைக் குழல் உச்ச ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை எழுப்புவதில் தொடங்குகிறது. எப்போது தொடங்கியது என்றே கேட்பவருக்குத் தெரியக் கூடாது. பொழுது விடிவது போல வர வேண்டும். கொக்கி குழலை வாயில் வைத்தால் வந்ததோ "ஸ்ஸ்ஸ்" என்று குக்கரிலிருந்து ஆவி கசியும் சத்தம். உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஸ்வரம் தடாலென்று ஒரு ஸ்தாயி கீழே விழுந்தது. பத்துத் தரம் முயன்றால் ஒரு தரம் வந்தது. அந்த ஒரு தரமும் ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வராமல் இருப்பதைவிட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

முதலில் குழலைச் சந்தேகப்பட்டாள். உலோகக் குழலின் துளைகளை மூடிகள் மூடுகின்றன. ஒவ்வொரு மூடிக்கும் அடியில் ஒரு மெல்லிய மெத்தை. எங்காவது மயிரிழை அளவு மெத்தை தூக்கிக்கொண்டாலும் காற்று கசியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மெல்லிய தாளைத் துண்டாக நறுக்கி, மூடிக்கும் துளைக்கும் நடுவே வைத்து மூடி, மெதுவாக இழுக்க வேண்டும். தாள் பிடிபட்டு வந்தால் மெத்தை சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு. சாப்பாட்டு மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூடியாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் பிடித்தன.

மறுநாள் இரண்டாம் குழல் வாசிப்பவரிடம் அவருடைய குழலைக் கடன் கேட்டாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், வெகுநாள் சிநேகிதர்.

"என் குழல்ல வந்துட்டா குறை உங்க குழல்ல. வரலைன்னா?" என்றார் அவர்.

"வரலைன்னா குறை என்கிட்ட. நீங்க சந்தோஷப்பட்டுக்கலாம்."

"உங்க நாற்காலி மேல எனக்கு ஆசையே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்படிக் கிடைச்சா உட்காரும்போதெல்லாம் குத்தும்."

அவருடைய குழலிலும் வரவில்லை.

அடுத்து மூச்சைச் சந்தேகப்பட்டாள். அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டுகளை ஓட வைப்பவர். அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் லிஃப்ட் மட்டும் எப்போது பார்த்தாலும் நின்று கிடந்தது. கொக்கி இரண்டு கையிலும் காய்கறிப் பைகளோடு நாலு மாடி ஏறி, கதவைத் திறந்த கணவரிடம் நிற்காமல் பேசினாள்: "உங்க லிஃப்ட்ட சரி பண்ண வேண்டாம், அப்படியே கெடக்கட்டும், என் மூச்சு நல்லாத்தான் இருக்கு, வாங்கிக்கங்க பையை!"

"என் லிஃப்ட் இல்லம்மா, வேற கம்பெனி," என்றார் அவர், வழக்கம் போல.

குழல் சரி. மூச்சும் சரி. மிச்சம் இருப்பது வாய்.

அந்த வாயின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். கொக்கிக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்தபோது இடது முன்பல் மட்டும் வரிசைக்குக் கட்டுப்படாமல், முன்னால் நீட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. அக்காதான் "கொக்கி" என்று முதலில் கூப்பிட்டாள். துணி மாட்டலாம் என்றாள். பெயர் வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து பள்ளிக்கும் போனது. பட்டம் வைத்தவர்கள் மறந்துவிடுவார்கள் என்று காத்திருந்து பார்த்தாள். யாரும் மறக்கவில்லை. பிறகு அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். போட்டோ எடுக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டாள். அவள் கல்யாணப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் பெண்ணுக்குப் பல்வலியா என்று கேட்பார்கள்.

இசைப் பள்ளியில் பல் வேறொரு வழக்கைக் கிளப்பியது. குழலின் ஊதுதுளையைச் சுற்றி உதடு பதிய ஒரு தகடு உண்டு. ஊதும்போது மூச்சின் ஈரம், துளையைத் தாண்டி, அந்தத் தகட்டின் மேல் பனி படிந்த மாதிரி ஒரு சின்ன முக்கோணமாகப் படியும். கீற்று எந்தத் திசையில் போகிறது என்பதை இந்தத் திட்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் குழல் சொல்லித் தருகிறவர்கள் காதால் கேட்பதற்கு முன்னால் கண்ணால் திட்டைப் பார்ப்பார்கள். திட்டு நடுவில் விழ வேண்டும். இது அவர்களுடைய வேதம். கொக்கிக்கு அது எப்போதும் இடப்பக்கம், குழலின் அடைத்த முனையை நோக்கி ஒதுங்கி விழுந்தது. தேர்வு நடத்தியவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஒருவர், "பல்லைச் சரி பண்ணிட்டு வாம்மா. முடியலைன்னா வயலினுக்குப் போ, அதுக்குப் பல்லு வேண்டாம்," என்றார். மறுநாளும் கொக்கி குழலோடுதான் வந்து நின்றாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள்.

நகர இசைக்குழுவில் ஆள் எடுக்கும்போது, வாசிப்பவர் யார் என்று தெரியாமல் இருக்கத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கேட்பது வழக்கம். அந்தத் திரைக்குக் கொக்கி வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்லுவாள். திட்டு எங்கே விழுகிறது என்று யாராலும் பார்க்க முடியவில்லை. காதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவளை எடுத்துக்கொண்டார்கள். திரையை விலக்கியபோது அவள் சந்தோஷத்தில் வாயை மூட மறந்து சிரித்தாள். நடுவர்களில் ஒருவர் "ஓ" என்றார். அந்த "ஓ" காதில் விழாத மாதிரி குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மூன்றாம் குழலாகச் சேர்ந்து, இரண்டாம் குழலாகி, முதல் நாற்காலிக்கு வந்தாள். மெதுவான உச்ச ஸ்வரம்தான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வேறு ஊர் இசைக்குழுக்களில் அந்த மாதிரி ஒரு தொடக்கம் வந்தால், "உங்க கொக்கியக் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று ஆள் விடுவார்கள்.

அப்புறம் அந்தக் கதவு. ஒத்திகைக் கூடத்தின் தள்ளுகதவை அவள் வெளியிலிருந்து திறக்கப் போக, உள்ளேயிருந்து பெரிய மேளக்காரர் மேளத்தைத் தூக்கிக்கொண்டு முதுகால் தள்ளிக்கொண்டு வந்தார். கதவின் ஓரம் வாயில் அடித்தது. பல் ஈறோடு ஒட்டி முறிந்தது. துண்டு எங்கே தெறித்தது என்றே தெரியவில்லை.

"எல்லாம் நன்மைக்கே," என்றாள் அக்கா. கொக்கி அழுதுகொண்டிருந்தபோதே சொன்னாள். அக்காவின் மேல்வீட்டில் ஒரு பல் டாக்டர் குடியிருந்தார். வேரில் ஒரு சின்னக் கம்பி நட்டு, அதன் மேல் பல் மாதிரியே ஒரு உறை, கேப், போட்டார். கண்ணாடியைக் காட்டினார். பற்கள் எல்லாம் அணிவகுத்து நின்றன. அக்கா கண் கலங்கினாள். "இப்பத்தான்டி நீ நம்ம குடும்பத்துப் பொண்ணு மாதிரி இருக்கே."

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்படியானால் பல்லைத்தானே முதலில் சந்தேகப்பட வேண்டும்? சந்தேகப்படத்தான் செய்தாள். முதல் நாளே தன் தொழில்காரர்கள் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். ஊதினாள், குழலைச் சட்டென்று தாழ்த்தி, ஈரத் திட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று கவனித்தாள்.

நடுவில் விழுந்திருந்தது. அச்சில் வார்த்த மாதிரி, துளைக்கு நேர் எதிரே, நட்டநடுவில்.

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வேதம் சொன்ன இடத்தில். அவளுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. வயலினுக்குப் போகச் சொன்ன அந்தத் தேர்வாளர் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். அதோடு பல்லை விடுதலை செய்துவிட்டாள். இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். குழலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள், "புதுப் பல்லு வெச்ச, அதான்," என்று முடித்திருப்பார்கள். திட்டைப் பார்க்கத் தெரிந்தவள் என்பதால்தான் அவள் ஏமாந்தாள்.

இசைக்குழுவை நடத்துகிறவருக்கு உள்ளே வழங்கிய பெயர் குச்சி. தாளம் காட்டக் கையில் வைத்திருக்கும் குச்சியால் வந்த பெயர். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் அல்ல; காது நல்ல காது. அதுதான் தொந்தரவு. அவர் கொக்கியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"உட்காருங்க மேடம்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன் சார். உட்கார வெச்சுச் சொல்ற சேதி எதுவும் நல்ல சேதியா இருந்ததில்ல."

குச்சி மேசை மேல் இருந்த பேனாவை நேராக்கினார். "நீங்க இந்தக் குழுவுக்கு எவ்வளவோ பண்ணியிருக்கீங்க. அதை யாரும் மறுக்கல. உங்களுக்குக் கௌரவமா ஒரு விழா எடுக்கலாம்னு கமிட்டியில ஒரு பேச்சு..."

"எதுக்கு விழா?"

"நீங்க இத்தனை வருஷம்..."

"நான் எங்கயும் போகலையே. போறவங்களுக்குத்தானே விழா எடுப்பாங்க?"

"மேடம், நான் சுத்தி வளைக்க விரும்பல. அந்தத் தொடக்கம் வரலை. பதினைஞ்சு தடவை கேட்டாச்சு. ஒரு தடவை வந்துச்சு. டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்ககிட்ட, அந்த ஒரு தடவை இன்னிக்கு இல்லன்னு நான் சொல்ல முடியாது. வயசு ஆகும்போது உதடு தளரும். இதுல அவமானம் ஒண்ணும் இல்ல."

"தளர்ந்திருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேன் சார். தளரல. ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. என்னன்னு தெரியல. அது ரெண்டும் வேற வேற."

"என் காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது," என்றார் குச்சி. சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். "கச்சேரிக்கு முந்தின ஒத்திகை வரைக்கும் பார்ப்போம். அதுலயும் வரலைன்னா இரண்டாம் குழல் தொடங்கட்டும். நீங்க மூணாவது நாற்காலியில தாராளமா இருக்கலாம்."

"அந்த நாற்காலி எனக்குப் பழக்கம்தான். அதுல இருந்து ஏறி வந்தவ நான். ஏறத் தெரிஞ்சவளுக்கு இறங்கறதுக்கு வெக்கம் இல்ல. ஆனா ஏன் இறங்கறேன்னு தெரியாம இறங்க மாட்டேன். விழாவுக்கு மாலை கீலை சொல்லிடாதீங்க, வாடிடும்."

வெளியே வந்து விடுவிடுவென்று நடந்தாள். கோபத்தில்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாதி பயம்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். கோபம் வந்தால் குழலைத் துடைப்பது அவள் பழக்கம். ஜன்னலோரம் உட்கார்ந்து, துணியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, உதட்டுத் தகட்டைத் தேய்த்தாள். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தது. தகட்டில் ஓர் இடம் மட்டும் பளபளக்கவில்லை. நகக்கண் அளவு, வெள்ளி மெருகு போய், மங்கலாக. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. பல வருடமாகவே அப்படித்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கையில் இருக்கும் குழல். வீட்டுச் சுவரில் இருக்கும் கறை மாதிரி, கண்ணுக்குப் பழகி, கண்ணில் படாமலே போன மங்கல்.

துணி நின்றது.

குழலை எடுத்து ஒரு நீளமான ஸ்வரம் ஊதினாள். தாழ்த்திப் பார்த்தாள். ஈரத் திட்டு நட்டநடுவில் இருந்தது. மங்கலோ அதற்கு இடப்பக்கம், குழலின் அடைத்த முனையை நோக்கி ஒதுங்கி, ஒரு சொட்டு ஈரம் படாமல், உலர்ந்து கிடந்தது.

"என்னங்க!" என்று கத்தினாள். கணவர் பதறிக்கொண்டு வந்தார்.

"இங்க பாருங்க. இது என்ன?"

"மெருகு போயிருக்கு."

"ஏன் போச்சு?"

"தேய்ச்சுத் தேய்ச்சு."

"எதுக்கு இந்த இடத்தை மட்டும் தேய்ச்சேன்?"

அவர் அவளைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "நீ தேய்ச்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

இத்தனை வருடமாக மூச்சு வந்து படிந்ததும், படிந்ததை ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்ததும் அந்த ஒரே இடத்தில். மெருகை மூச்சு பாதி தின்றது, துணி மீதியைத் தின்றது. அவள் ஊதி ஊதிச் சேர்த்த பெயரெல்லாம் அந்த மங்கலில் இருந்து வந்ததுதான். நடுவிலிருந்து அல்ல.

காரணம் அதற்குப் பிறகு தானாகவே பிடிபட்டது. நீட்டிக்கொண்டிருந்த பல் மேலுதட்டுக்கு உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்தது. கூடாரத்துக்கு ஒரு கம்பு கொடுக்கும் முட்டு. அந்த முட்டுக்குப் பக்கத்தில் உதடு தானாகவே ஊசிக் காது அளவுக்கு ஒரு வழியை விட்டது. அவளுடைய உதட்டுத் தசைகள் சிறுவயதிலிருந்து அந்த முட்டைச் சுற்றி இறுகத்தான் கற்றிருந்தன. இப்போது முட்டு இல்லை. பலமாக ஊதும்போது வழி பெரிது, அதற்கு முட்டுத் தேவையில்லை. மெதுவாக ஊதும்போது சாய்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஊசிக் காது மூடிக்கொள்கிறது. பிறவியிலேயே நேரான பல் உள்ளவர்களுக்கு நடுவழிதான் சரி. அவள் அப்படிக் கற்கவில்லை. புதிதாகக் கற்க முடியும். வருடக்கணக்கில் ஆகும். ஒத்திகைக்கோ சில வாரங்களே இருந்தன.

சமையலறைக்குப் போய் மெழுகுவத்தியில் ஒரு துணுக்கைக் கிள்ளி, விரலில் உருட்டி, புதுப் பல்லின் முகத்தில் அப்பிக்கொண்டு ஊதினாள். உச்ச ஸ்வரம் வந்தது. மெதுவாக, விடியற்காலை மாதிரி வந்தது. மூன்றாவது மூச்சில் மெழுகு கழன்று குழலுக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட வந்த அக்கா கதவோரம் நின்றாள்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். பல்லு ரொம்ப நேரா இருக்கு."

"நன்றி."

"அதைக் கோணலாக்கிக் குடுங்க."

டாக்டர் கையுறையைப் பாதி மாட்டிய நிலையில் நின்றார். "என்னம்மா சொல்றீங்க? கோணலா இருக்கறதை நேராக்கத்தான் ஊர்ல எல்லாரும் என்கிட்ட வர்றாங்க. நானே கோணலா வெச்சு அனுப்பினா, யாரு வெச்சதுன்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா? என் பேரைச் சொல்வீங்களே!"

"சொல்ல மாட்டேன்."

"உங்க அக்கா சொல்வாங்க."

"கண்டிப்பா சொல்வேன்," என்றாள் அக்கா. "ஏய் கொக்கி, உனக்குப் பைத்தியமா? இத்தனை வயசுக்கப்புறம் இப்பத்தான் பார்க்கற மாதிரி ஆயிருக்கே. இதை மாத்தினா மறுபடி எல்லாரும் கொக்கின்னுதான் கூப்பிடுவாங்க."

"நீ எப்ப நிறுத்தின?"

கொக்கி டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், பல்லு என் முகத்துக்கு இல்ல. என் தொழிலுக்கு," என்றாள் கொக்கி. "முகத்துக்கு என்ன வேணும்னு ஆளாளுக்குச் சொல்லியாச்சு. நான் ஒரு தடவை சொல்றேன். நீங்க செய்யலைன்னா செய்யற டாக்டரைத் தேடிப் போவேன். தெருவுக்கு ஒருத்தர் இருக்கார்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். கேப்பை அவர் முதலில் தற்காலிகப் பசையில்தான் ஒட்டியிருந்தார். பழகின பிறகு நிரந்தரமாக ஒட்டுவது அவர் வழக்கம். ஆகவே கழற்றுவது கஷ்டம் இல்லை. கஷ்டம் வேறு. "சரி, பழைய பல் எவ்வளவு கோணல்? எந்தப் பக்கம்? எவ்வளவு முன்னால? தோராயமா வெச்சா உங்களுக்கு ஆகாதுங்கறீங்க. துண்டும் இல்ல. ஒரு போட்டோவாவது குடுங்க."

போட்டோ இல்லை. பள்ளிக்கூடப் போட்டோ, கல்யாணப் போட்டோ, இசைக்குழுப் போட்டோ எல்லாவற்றிலும் வாய் பூட்டுப் போட்டிருந்தது.

"நான் சொல்றேன்," என்று அக்கா முன்னால் வந்தாள். "இப்படி நீட்டிக்கிட்டு, இப்படித் திரும்பி..." என்று சுண்டு விரலை வாய் முன்னால் வைத்து வளைத்துக் காட்டினாள். "இல்ல, இப்படி." விரல் மறுபக்கம் வளைந்தது. ஆயுள் முழுவதும் கேலி செய்த பல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"அளவு என்கிட்ட இருக்கு," என்று கொக்கி மடியிலிருந்த பெட்டியைத் திறந்தாள்.

குழலைப் பொருத்தி, மங்கலைக் காட்டி, ஈரத் திட்டைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் முதலில் மரியாதைக்குத் தலையாட்டினார். பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முடிவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தகட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆக, மூச்சு போய் இந்த மங்கல்ல உட்காரணும். அந்த மாதிரி பல்லு இருக்கணும். பல்லுக்கு அளவே எடுக்க வேண்டாம், இதுக்கு எடுத்தாப் போதும்," என்றார்.

"அதேதான் டாக்டர்."

பல் வேலைக்கு வைத்திருக்கும் இளஞ்சிவப்பு மெழுகைச் சுடரில் காட்டி, சிறு கரண்டியால் பல்லின் மேல் கொஞ்சம் அப்பினார். கொக்கி ஊதினாள். திட்டு நடுவை விட்டு நகர்ந்தது, ஆனால் மங்கலைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் அப்பினார். இப்போது மங்கலைத் தாண்டிப் போய்விட்டது. சுரண்டினார். முன்னால் தள்ளியது போதும், திரும்பியிருக்க வேண்டும் என்று ஒரு ஓரத்தை மட்டும் கூட்டினார். ஒவ்வொரு தடவையும் அவள் ஊத, இரண்டு பேரும் தகட்டின் மேல் குனிய, ஈரம் காய்ந்து மறைவதற்குள் எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. மெழுகு வாய்ச் சூட்டில் இளகுவதற்குள் முடிக்கவும் வேண்டியிருந்தது. பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் டாக்டர்!" என்று அவளையும் அறியாமல் சொல்லிவிட்டாள்.

ஒரு கட்டத்தில் திட்டு விழுந்தது, மங்கல் தெரியவில்லை. ஈரம் அதை அப்படியே மூடியிருந்தது. காய்ந்தபோது அதே இடத்திலிருந்து மங்கல் மெதுவாக வெளியே வந்தது.

கொக்கி உடனே உச்ச ஸ்வரத்துக்குப் போகவில்லை. ஒரு தடவை எச்சில் விழுங்கினாள். பிறகு குழலை உதட்டில் வைத்தாள். அறையில் அது எப்போது தொடங்கியது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வெளியே காத்திருந்தவர்களில் யாரோ பேச்சை நிறுத்தியதை வைத்துத்தான் தெரிந்தது.

"மெழுகை அசைக்காதீங்க," என்றார் டாக்டர், குரல் கொஞ்சம் மாறி. "அச்சு எடுத்துக்கறேன். இதே மாதிரி கேப் பண்ணித் தர்றேன். உதடு உள்ளே உரசும், சொல்லிட்டேன்."

"உரசட்டும் டாக்டர். அது உரசின இடம் காப்புக் காய்ச்சித்தான் இருக்கு."

"இப்ப யாராவது கேட்டா என் பேரைச் சொல்லலாம்."

கச்சேரிக்கு முந்திய ஒத்திகையில் குச்சி கையைத் தூக்கினார். இரண்டாம் குழல்காரர் தன் குழலைத் தயாராக மடியில் வைத்திருந்தார். அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கொக்கி மூச்சை எடுத்தாள். கூடத்தில் விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தத்துக்கு மேலே ஏதோ ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது அங்கேயே நின்று, மெல்ல விரிந்து, வயலின்கள் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்தது. வயலின்கள் வரவில்லை. குச்சி கையை அசைக்க மறந்து நின்றார்.

"சார்," என்றாள் கொக்கி, குழலைத் தாழ்த்தி. "நான் மறுபடி ஆரம்பிக்கணுமா? எத்தனை தடவை வேணாலும் வரும்."

இரண்டாம் குழல்காரர் தன் குழலைப் பெட்டியில் வைத்தார். "நல்ல வேளை," என்று முணுமுணுத்தார். யாருக்கு நல்ல வேளை என்று சொல்லவில்லை.

"மறுபடி," என்றார் குச்சி. மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மேடையில் அவள் நாற்காலிக்கே வந்தார். "மேடம், நான் சொன்னது தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. என்ன பண்ணீங்க? உதட்டுக்கு ஏதாவது பயிற்சியா?"

அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கொக்கி வாயை முழுசாகத் திறந்து, எந்தப் போட்டோவிலும் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தாள்.

"பயிற்சி ஒண்ணும் இல்ல சார். இடது முன்பல்லை ஒரு அரிசி கனத்துக்கு முன்னால தள்ளி, வெளிப்பக்கமாக் கொஞ்சம் திருப்பிக் கட்டிக்கிட்டேன். மூச்சு பழைய இடத்துலயே விழுது."